கரடிப் பல்லு கேட்டேன், நல்லா கரடி விட்டான்

மக்களே, ஃபைபர் வேலை, மாடல் வேலை பண்றவங்க இருந்தா இத கொஞ்சம் பொறுமையா படிச்சிருங்க. மாடலுக்குக் கரடிப் பல்லு செட்டு வாங்கப் போய் எனக்கு போனது 14,000 ரூபா, அதுக்கு மேல மூணு வாரம்.

நான் வியாசர்பாடி. பிள்ளையார், செட்டு வேலை, கடை வாசல்ல நிக்கிற ஐஸ்க்ரீம் பொம்மை, இதான் நம்ம பொழப்பு. இந்த தடவ ஒரு காலேஜ்ல விலங்கு மாடல் போட்டின்னாங்க, வாயத் தொறந்து உறுமுற கரடித் தலை பண்ணலாம்னு இறங்கிட்டேன். நெஜத் தோல் கிடையாதுங்க, நம்ம நாட்டுல அத தொட்டாலே கம்பி எண்ணணும். செத்த மிருகத்துத் தோல பதப்படுத்தி உயிரோட நிக்கிற மாதிரி செய்வாங்கல்ல, அந்த வெளிநாட்டு டாக்ஸிடெர்மி போட்டிங்கள்ல ரீ-கிரியேஷன்னு ஒரு பிரிவு இருக்கு, எந்த மிருகத்த செய்றமோ அதோட ஒரு முடி கூட அதுல இருக்கக்கூடாது, கனடாக்காரர் கென் வாக்கர் கருப்புக் கரடித் தோல வெச்சு பாண்டா செஞ்சு பேர் வாங்குனது அந்த கணக்குலதான். நம்மளுக்கு கோடவுன் தெரு ஃபர் துணி போதும்.

வாய் மூடுன தலைன்னா சட்டுனு முடிச்சிரலாம், தொறந்த வாய்தான் பேஜாரு. ஈறு, நாக்கு, மேலண்ணத்துல இருக்கற வரி, உதடு ஈறுல போய் சேர்ற இடம், எல்லாம் வெளிய தெரியும், ஜட்ஜ் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்ப்பாரு. அதுக்காகவே ஒரு ஞாயித்துக்கிழமை ஜீவா ஸ்டேஷன்ல ஏறி, பார்க்ல மாறி வண்டலூர் ஜூவுக்குப் போனேன். கரடி மூணு மணி நேரம் குப்புறப் படுத்துருந்துச்சு. மொத கொட்டாவி விட்டப்ப என் போன் லாக்ல இருந்துச்சு. ரெண்டாவது கொட்டாவிதான் வீடியோல மாட்டுச்சு.

பல்லு செட்டு மட்டும் ரெடிமேடா வாங்கிரலாம்னு நெனச்சதுதான் தப்பு. செட்டு வேலைல பழக்கமானவர் ஒருத்தர் மூலமா மாதவரம் பக்கம் ஒரு பார்ட்டி, குடோன் வெச்சிருக்காரு. "அண்ணே, நம்ம ஊரு கரடிண்ணே, கரையான் திங்கற ஜாதி, அதோட தாடைதான் வேணும்"னு ஒண்ணுக்கு மூணு தடவ சொன்னேன். "தம்பி, சினிமாக்கே குடுக்கறவன் நானு, எனக்கே பாடமா?"ன்னாரு. முழு காசும் ஜிபேல வாங்கிட்டாரு, பில்லு இல்ல. ஒரு வாரம்னவரு 19-வது நாள்தான் பார்சல் அனுப்புனாரு.

பிரிச்சா ரப்பர் நாத்தம். நாக்கு பபுள்கம் கலர்ல, செருப்பு அட்டை மாதிரி விறைப்பா நிக்குது. கோரைப்பல்லு அடியில பூரா காத்துக் குமிழி. சரி, தேய்ச்சு பெயிண்ட் அடிச்சுக்கலாம்னு திருப்பிப் பார்த்தா மேல முன்பல்லு ஆறு. நம்ம ஊரு கரடிக்கு மேல நாலுதாங்க, நடுவுல ரெண்டு இருக்காது, அந்த சந்து வழியாத்தான் கரையான உறிஞ்சும். மத்த கரடிக்கு மொத்தம் 42 பல்லுன்னா இதுக்கு 40. அந்த சந்து இல்லன்னா அது நம்ம கரடியே கிடையாது. இவரு அனுப்புனது அமெரிக்கக் கருப்புக் கரடி தாடைய அச்செடுத்து வார்த்த காஸ்டிங். என் மோல்டுல வெச்சா கடவாப்பல்லுகிட்ட ரெண்டு விரல் உள்ள போகுது.

போன் போட்டா, "கரடின்னா கரடிதான் தம்பி, வாய்க்குள்ள கைய வுட்டு எவன் எண்ணப் போறான்?" யோவ், அத எண்ணத்தான்யா ஜட்ஜு! அப்புறம் குரல இறக்கி, "ஒரிஜினல் பல்லே இருக்கு, இன்னும் பத்தாயிரம் போடு"ன்னாரு பாருங்க, எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. 1972 வனவிலங்குச் சட்டத்துல இந்தக் கரடி முதல் அட்டவணை, மாட்டுனா 3 வருஷத்துலேர்ந்து 7 வருஷம் ஜெயிலு, அபராதம் 25,000-க்கு குறையாது. இந்த மாதிரி எவனாவது "ஒரிஜினல்"னு பேச்செடுத்தா அந்த நிமிஷமே கட் பண்ணிருங்க, ரேட்டு கூட கேக்காதீங்க. நான் காச திருப்பிக் கேட்டேன், பிளாக் பண்ணிட்டாரு. கம்ப்ளைன்ட் குடுக்கறேன்னு கெளம்புனா எங்கம்மா, "கரடிப் பல்லுன்னு போய் ஸ்டேஷன்ல நிக்காதடா, மொதல்ல உன்னத்தான் உக்கார வெப்பாங்க"ன்றாங்க. அவங்க சொல்றதும் நியாயமாத்தான் படுது.

கடைசில பல் செட்டு செய்ற லேப்ல வேலை பார்க்கற ஃப்ரெண்டுதான் காப்பாத்துனான். மனுசனுக்கு ஈறு கட்டற ரோஸ் கலர் அக்ரிலிக் பவுடர வெச்சே ராத்திரி பூரா உக்காந்து பண்ணோம், என் கொட்டாவி வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பார்த்து. பல்லு வாங்கறவங்க முன்னாடியிலேர்ந்து எடுத்த போட்டோ கேளுங்க, பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுக்கச் சொல்லுங்க, மேல் பல்ல எண்ணிப் பார்த்துட்டு பாதி காசு மட்டும் போடுங்க.

அவரு அனுப்புன செட்டு இன்னும் என் பட்டறை மேஜைலதான் இளிச்சுக்கிட்டு கெடக்கு. அமெரிக்கக் கரடி பண்றவங்க யாருக்காவது வேணும்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க. நாக்கு மட்டும் கேக்காதீங்க, பக்கத்து வூட்டுப் பையன் தெரு நாய்க்குப் போட்டுட்டான், அது மோந்து பார்த்துட்டுப் போயிருச்சு.