ரயிலுக்கு முன் சைக்கிளைப் பூட்ட இரண்டு நிமிடம்: கூடுவாஞ்சேரி அனுபவம்

2018 நவம்பரில் ஒரு மழை நாள் இரவு, சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியின் ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பார்த்தபோது என் கியர் சைக்கிள் நின்ற இடம் காலியாக இருந்தது. காலையில் வேலிக் கம்பியோடு சேர்த்து நம்பர் பூட்டுப் போட்டிருந்தேன். பின் சக்கரத்தையும் பூட்டியிருந்தேன். வேலி அப்படியே இருந்தது. அறுந்த கம்பித் துண்டு ஒன்றுகூடத் தரையில் கிடக்கவில்லை.

அந்தக் கடைசி விவரத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின. பூட்டை யாரும் அறுக்கவில்லை, திறந்திருக்கிறார்கள். தினமும் காலையில் ரயில் வரும் சத்தம் கேட்டதும் நான்கு எண் வளையங்களில் கடைசி வளையத்தை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடுவேன். நான்கு எண் பூட்டுக்குப் பத்தாயிரம் சேர்க்கைகள் உண்டு என்று அட்டையில் போட்டிருந்தது. நான் பூட்டிய விதத்தில் அது வெறும் பத்தாகிவிட்டது. நம்பர் பூட்டு வைத்திருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: நான்கு வளையங்களையும் கலைத்துவிடுங்கள்.

பின் சக்கரப் பூட்டை நம்பியதும் தவறு. அது சக்கரத்தைச் சுழலவிடாது, அவ்வளவுதான். என் சைக்கிள் 14 கிலோ. தூக்கி ஒரு மினி வேனில் வைக்க ஒரே ஆள் போதும்.

புகார் கொடுத்தபோது ஃபிரேம் எண்ணைக் கேட்டார்கள். பெடல் அச்சுக்கு அடியிலோ, சீட் குழாயிலோ, ஹேண்டில் பாருக்குக் கீழேயோ அது பொறிக்கப்பட்டிருக்கும். எனக்கு அப்போது அதுவே தெரியாது. பில்லும் இல்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதில் வண்டியின் நிறத்தை மட்டும்தான் சொல்ல முடிந்தது. இன்று அந்த எண்ணும், சைக்கிளோடு நான் நிற்கும் படமும், பில்லும் என் போனிலும் மனைவியின் போனிலும் இருக்கின்றன.

2019 ஜனவரியில் அடுத்த சைக்கிளோடு யூ வடிவப் பூட்டு ஒன்று வாங்கினேன். 14 மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகு, ஒரு கிலோவுக்கும் சற்றுக் கூடுதல் எடை. பழைய நம்பர் பூட்டின் கேபிள் மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பிளாஸ்டிக் உறை போட்டது. பார்க்கத் தடிமனாக இருக்கும், நல்ல கட்டிங் பிளேயர் அதை இழை இழையாக அறுத்துவிடும். இந்த எஃகில் ஆக்ஸா பிளேடு வழுக்கும். கட்டிங் மெஷின் வைத்தால் இதுவும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சத்தத்தையும் தீப்பொறியையும் பட்டப்பகலில் ஸ்டேஷன் வாசலில் மறைக்க முடியாது.

வாங்கும்போது சாவியை நன்றாகப் பாருங்கள். குழாய் போன்ற வட்டச் சாவி உள்ள பூட்டை நான் ஒதுக்கிவிட்டேன். 2004இல் அமெரிக்காவில் விலை உயர்ந்த யூ பூட்டுகளையே பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் செருகித் திறந்துவிடலாம் என்பது அம்பலமாகி, தயாரிப்பாளர் பூட்டுகளை மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. தட்டையான, இரு பக்கமும் வெட்டு உள்ள சாவிதான் என்னுடையது.

எந்தப் பூட்டு என்பதைவிட அதை எதோடு சேர்த்துப் போடுகிறோம் என்பது பெரிது. வலைக் கம்பி வேலியில் கட்டினால் திருடன் பூட்டைத் தொட வேண்டியதே இல்லை, வேலியை வெட்டினால் போதும். குட்டையான கம்பமும் வேண்டாம், சைக்கிளைப் பூட்டோடு மேலே தூக்கி உருவிவிடலாம். நடைபாதைக் கைப்பிடியில் கட்டுவதை நான் விட்டுவிட்டேன். அதைத் தடவிக்கொண்டு நடக்கும் பார்வையற்றவர்களின் வழியில் நம் வண்டி நிற்கக் கூடாது.

நான் செய்வது இது: பின் சக்கரம், ஃபிரேமின் முக்கோணம், தரையில் காரை போட்டு ஊன்றிய கம்பம் ஆகிய மூன்றும் ஒரே வளையத்துக்குள் வர வேண்டும். உள்ளே காலியிடம் குறைவாக இருந்தால் கடப்பாரை நுழைத்து நெம்ப முடியாது. சாவித் துவாரம் கீழே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கும். பூட்டு தரையைத் தொடவும் கூடாது, அங்கே வைத்துச் சுத்தியலால் அடிப்பது எளிது. முன் சக்கரத்தையும் சீட்டையும் கைப்பிடி தளர்த்தினால் கழலும்படி விடாமல் போல்டுக்கு மாற்றிவிட்டேன். சைக்கிள் கடைக்காரர் சீட் போல்டில் ஆலன் சாவி நுழையும் அறுகோணக் குழிக்குள் ஒரு பேரிங் குண்டை வைத்து மெழுகு ஊற்றி அடைத்துக்கொடுத்தார். ஐந்து நிமிட வேலை, இன்று வரை யாரும் அதைத் தொடவில்லை.

இப்போது நிறுத்துவது கட்டண ஸ்டாண்டில், மாத பாஸ். அங்கேயும் பூட்டுகிறேன் என்றால் சிலர் வியக்கிறார்கள். டோக்கன் கொடுப்பவர் முந்நூறு வண்டிகளுக்கு நடுவில் ஒற்றை ஆள். முதல் வாரமே அவர் என்னை நிறுத்தி, "தம்பி, நீங்கள் கம்பத்தோடு கட்டிவிட்டுப் போனால் நான் எப்படி வண்டிகளை நெருக்கி வைப்பேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசி வரிசையில் சுவரோரக் கம்பத்தை எனக்கு ஒதுக்கிக் கொடுங்கள் ஐயா என்றேன், ஒப்புக்கொண்டார். இன்னொரு நன்மையும் கிடைத்தது. நெருக்கி வைக்கும் வரிசையில் ஸ்கூட்டர்கள் இடித்து மட்கார்டு வளைவது நின்றுவிட்டது. இரவில் பூட்டை அந்தக் கம்பத்திலேயே மாட்டிவிட்டு வருகிறேன், ஒரு கிலோவைச் சுமப்பதில்லை.

பூட்டின் குறை துரு. 2020 மார்ச்சில் புறநகர் ரயில்கள் நிறுத்தப்பட்டபோது அது வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்கில் கிடந்தது. மறுபடி திறக்கப் போனபோது சாவி பாதியில் முறிந்தது. பூட்டுக்காரர் முறிந்த துண்டை வெளியே எடுத்தார், மாற்றுச் சாவி அன்று காப்பாற்றியது. தப்பு என்னுடையதுதான். அதற்கு முன் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன், அது புழுதியோடு சேர்ந்து பசையாகிவிட்டது. அன்று முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவி நான்கைந்து முறை திருப்புகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை.

மேலுறை ரப்பர் ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. அது ஃபிரேமின் பெயிண்டை உரசுவதால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவைத்திருக்கிறேன். பூட்டு முதல் நாள் போலவே இறுக்கமாக விழுகிறது. ஏழரை மணி வண்டிக்கு வீட்டிலிருந்து முன்பைவிட ஐந்து நிமிடம் முந்திக் கிளம்புகிறேன்.