ஸ்வீப் கேட்டால் ஸ்கேல் வாசிக்கும் சிந்த்

விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். இந்த டெஸ்க்டாப் சிந்த், அதாவது மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர் பெட்டி, சில வருடங்களாக என் மேசையில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இதே குணத்தோடு சந்தையில் நிறைய உண்டு. சத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒலியைப் பிறப்பிக்கும் இரண்டு ஆசிலேட்டரையும் சா வேவ் என்ற ரம்பப் பல் அலைவடிவில் வைத்து, சுருதியை லேசாக விலக்கி (டீட்யூன்), சத்தம் எழும் நேரமான அட்டாக்கை மூன்று விநாடிக்கு இழுத்துவிட்டு ஒரு மைனர் கார்டைப் பிடித்தால் அறையே நிறைந்துவிடும். எரிச்சல் அதற்கு அப்புறம்தான்.

இப்படி நீண்டு ஒலிக்கும் பின்னணிச் சத்தத்துக்குப் பேட் என்று பெயர். பேட் என்றால் அசைய வேண்டும். அசையாத பேட் எட்டாவது பாருக்குள் (நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்) ஃபிரிட்ஜ் இரைச்சலாகிவிடும். ஃபில்டர் எந்த அதிர்வெண்ணுக்கு மேல் சத்தத்தை வெட்டுகிறது என்பதுதான் கட்ஆஃப். அது மெதுவாக நகர வேண்டும் (ஸ்வீப்) என்று ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் அதற்கு ஆட்டோமேஷன் கோடு வரைவேன். இந்தப் பெட்டி அதை சிசி 74 என்ற கட்டுப்பாட்டுச் செய்தியாக வாங்கிக்கொள்கிறது. 0 முதல் 127 வரைதான், இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983-இல் வந்த மிடி முறையின் கணக்கு. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய பத்து ஆக்டேவ், அதாவது 120 செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்). அதை 127-ஆல் வகுத்தால் ஒரு படிக்குக் கிட்டத்தட்ட ஒரு செமிடோன்! கட்ஆஃப் இருக்கும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸ் குறைவாக இருந்தால் காது மன்னித்துவிடும், கொஞ்சம் ஏற்றினால் போச்சு. நிமிடத்துக்கு 70 தட்டு (பிபிஎம்) வேகத்தில் 16 பார் என்பது சுமார் 55 விநாடி. அதற்குள் 40-லிருந்து 80-க்குப் போகச் சொன்னால், ஒவ்வொரு எண்ணிலும் ஒரு விநாடிக்கு மேல் நின்று நின்று போகிறது. மெதுவான ஸ்வீப் கேட்டால் ஒவ்வொரு செமிடோனாக ஏறும் குரோமாட்டிக் ஸ்கேல் வாசித்துக் காட்டுகிறது.

வருகிற எண்களை உள்ளேயே படி தெரியாமல் வழவழப்பாக்கிக்கொள்ளும் சிந்த்கள் இருக்கின்றன. மிடியிலேயே நுணுக்கமான எண்களை அனுப்பும் என்ஆர்பிஎன் வழியைக் கொடுத்திருந்தால் 16,384 படி கிடைத்திருக்கும். இதில் இரண்டும் இல்லை. ஆனால் அதே ஃபில்டரை உள்ளிருக்கும் எல்எஃப்ஓ (மெதுவாக ஆடும் கட்டுப்பாட்டு அலை) ஆட்டினால் துளி உறுத்தல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. முடியாமல் இல்லை, நமக்குத் தரவில்லை.

சரி, என்ன செய்கிறேன்? சிந்த்தின் ஃபில்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஆடியோவாகப் பதிகிறேன். பிறகு லைவில் முதலில் அறையின் எதிரொலி தரும் ரிவெர்ப், அதற்குப் பின்னால் ஆட்டோ ஃபில்டர் என்ற லைவின் ஃபில்டர். வழக்கமான வரிசையில் ஃபில்டர் மூடினாலும் பழைய ரிவெர்ப் வால் பளிச்சென்று தொங்கிக்கொண்டிருக்கும். இப்படி மாற்றினால் வாலும் சேர்ந்து இருள்கிறது, அறையையே யாரோ சாத்துவதாகத் தோன்றுகிறது. கட்ஆஃப் இறங்கும்போது ரிவெர்ப் மிக்ஸைக் கொஞ்சம் ஏற்றினால் பேட் பின்னால் நகர்ந்து போய்விடும், வால்யூமைத் தொடவே வேண்டாம். அப்புறம், பதிவுத் துண்டுக்குள் வரையும் அசைவுக் கோடுகளை (கிளிப் என்வலப்) துண்டின் நீளத்திலிருந்து விடுவித்து (அன்லிங்க்), ஃபில்டருக்கு 5 பார், சத்தத்தை இடம் வலமாக நகர்த்தும் பேனுக்கு 7 பார் சுழற்சி என்று வைத்திருக்கிறேன். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 35 பார் ஆகும். அதற்குள் பாட்டில் வேறு பகுதி வந்துவிடும். இந்த இடத்தில் நிஜமாகவே எனக்குச் சந்தோஷம், ஹெட்ஃபோனைக் கழற்ற மனம் வராது.

ஆனால் இதில் அந்தப் பெட்டிக்கு என்ன பங்கு? அசைவு முழுவதும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. இலவச சிந்த் ஒன்றை வைத்தும் பாதிக்கு மேல் வந்துவிடும். அதனால் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி முழுக்க அந்தப் படிகளைக் கேட்ட கோபமும் இதில் இருக்கிறது, போன மாதம் கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன். வேறு எதை வாங்கினாலும் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் மிடி அட்டவணையைப் பார். கட்ஆஃப் வரியில் 0-127 மட்டும் இருந்தால், கடையில் ரெசனன்ஸை ஏற்றிவிட்டு மிக மெதுவாக அனுப்பிக் கேட்டுப் பார்த்த பிறகு பணத்தை எடு.