உபுண்டுவில் குடியிருந்துகொண்டு ஆர்ச் விக்கியிடம் வழி கேட்பது

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் என் மடிக்கணினியின் 7-ஆம் தலைமுறை இன்டெல் செயலி இல்லாததால், லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டு 24.04-க்கு மாறினேன். எந்த லினக்ஸ் என்பதை முடிவுசெய்ய ஒரு மாலை போதும். கணினியின் உறுப்புகள் அதில் ஒழுங்காக இயங்குமா, இயங்காவிட்டால் எங்கே தேடுவது என்பதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. கடைசியில் என் முன் நின்றவை இரண்டு: கேள்வி-பதில் தளமான ஆஸ்க் உபுண்டு, ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் பயனர்கள் பராமரிக்கும் ஆர்ச் விக்கி. ஆர்ச்சை ஒரு நாளும் நிறுவியதில்லை என்றாலும், என் சாய்வு ஆர்ச் விக்கியின் பக்கமே.

இரண்டும் இலவசம், இரண்டையும் படிக்க ஆங்கிலம் வேண்டும். புதியவருக்கு ஆஸ்க் உபுண்டு எளிது என்பதிலும் ஐயமில்லை. உபுண்டுவின் சான்றளிக்கப்பட்ட கணினிகளின் பட்டியலையும் பார்த்தேன். அதில் உங்கள் மாடல் இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் சில மாடல்கள் தயாரிப்பாளர் முன்கூட்டியே நிறுவித்தரும் தனிப் பதிப்புக்கு மட்டுமே சான்று பெற்றவை என்பதால், அந்தச் சிறு குறிப்பையும் விடாமல் படிக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தது பதிலின் வயது. ரியல்டெக்கின் 8821சிஇ என்ற வைஃபை சில்லை எடுத்துக்கொள்வோம். உபுண்டு 20.04 வெளிவந்தபோது அதன் மையப் பகுதியாக இருந்த 5.4 கர்னலில் இந்தச் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் கிடையாது. வெளியிலிருந்து மூலநிரலை இறக்கித் தொகுக்க (கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்ற) வேண்டியிருந்தது, அன்றைய பதில்களும் அதைத்தான் சொல்லின, சரியாகவே சொல்லின. 2020 அக்டோபரில் வந்த 5.9 கர்னலில் டிரைவர் உள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. 24.04 வெளிவந்ததோ 6.8 கர்னலுடன். ஆனால் வாக்குகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதால் பழைய பதில் மேலேயே நிற்கிறது. என் கணினியிலும் இதே சில்லுதான். தேடலில் முதலில் கிடைத்த ஒரு பதிலின் தேதியைப் பாராமல் அதன் கட்டளைகளை வரிசையாக ஒட்டினேன். பழைய நிரல் புதிய கர்னலோடு ஒத்துப்போகாமல் தொகுக்கும் வேலை பாதியில் நின்றது. தவறு என்னுடையதே.

விக்கியின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. ஒரு பொருளுக்கு ஒரே பக்கம்; நிலைமை மாறினால் அந்தப் பக்கமே திருத்தப்படுகிறது, எந்த வரி எப்போது மாறியது என்பதையும் வரலாற்றுப் பக்கத்தில் காணலாம். அதைவிட முக்கியமாக, அங்குள்ள மடிக்கணினிப் பக்கங்களில் ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் அடையாள எண்ணும் இயங்கும் நிலையும் அட்டவணையாகத் தரப்பட்டிருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட மாடல் பெயரை நம்புவதற்கில்லை, ஏனெனில் ஒரே மாடலில் வெவ்வேறு வைஃபை சில்லுகள் வருவதுண்டு. அடையாள எண் பொய் சொல்லாது: முதல் நான்கு இலக்கம் தயாரிப்பாளரையும் (8086 என்றால் இன்டெல்) அடுத்த நான்கு சில்லையும் குறிக்கும். உபுண்டுவை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கி, கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் பிசிஐ சாதனங்களை (தாய்ப்பலகையோடு பிசிஐ வழியில் இணைந்த உறுப்புகளை) அடையாள எண்களோடு பட்டியலிடச் செய்தால் இந்த எண் தெரிந்துவிடும். அதை அப்படியே தேடுபொறியில் இட்டால், மாடல் பெயரால் கிடைக்கும் குப்பையில் பாதி கழிந்துவிடும்.

விக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் கூடாது. ஆர்ச்சில் எப்போதும் புதிய கர்னல்தான் இருக்கும் என்பதால், அங்கே இயங்கும் என்று எழுதியிருப்பது உங்கள் பதிப்பிலும் இயங்கும் என்று பொருளல்ல. மென்பொருள் தொகுப்புகளின் பெயர்களும் சில இடங்களில் வேறுபடும். விளக்கத்தை விக்கியில் படித்துவிட்டு, கட்டளையை உபுண்டுவின் ஆவணத்தில் சரிபார்ப்பது என் வழக்கம். ஸ்னாப் என்ற மென்பொருள் நிறுவும் முறை, பதிப்பு உயர்த்துதல் போன்ற உபுண்டுவுக்கே உரிய சிக்கல்களுக்கு ஆஸ்க் உபுண்டுவை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. அங்கே நல்ல பதில்களே கிடைத்தன. என்விடியா அட்டை உள்ள கணினியோ, ஸ்கேனரோ என்னிடம் இருந்ததில்லை. அவற்றுக்கு எது மேல் என்பதை வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட்டை நிறுவ எண்ணுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: ஆஸ்க் உபுண்டுவில் பழைய பதில்களைப் படிக்கலாமே தவிர, மின்ட் பற்றிய புதிய கேள்விகளை அங்கே ஏற்பதில்லை.