பீட்டில் இன்ஜினா, சுபாரு இன்ஜினா: வீட்டில் கட்டும் விமானத்துக்கு எது?

கார் இன்ஜினை விமானத்தில் வைப்பது புதுப் பழக்கம் இல்லை. 1929-லேயே அமெரிக்காவில் பெர்னார்ட் பீட்டன்போல் ஃபோர்டு மாடல் ஏ இன்ஜினைத் தன் சிறு விமானத்தில் பூட்டிப் பறந்தார். பிற்காலத்தில் இந்த வேலைக்கு அதிகம் பேசப்பட்டவை இரண்டு: ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 1600 சிசி இன்ஜின், சுபாருவின் 1800 சிசி ஈஏ81. இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள் படுக்கைவாக்கில் எதிரெதிராக இருக்கும். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான்.

ப்ரொப்பல்லருக்கு நிதானமான சுழற்சிதான் பிடிக்கும். அதனால்தான் விமானத்துக்கென்றே செய்த கான்டினென்டல் ஓ-200, 3.3 லிட்டர் உடம்போடு நிமிடத்துக்கு 2750 சுற்றிலேயே 100 குதிரைசக்தி தருகிறது. அளவில் அதில் பாதிதான் பீட்டில் இன்ஜின். இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டிலேயே நேராகப் ப்ரொப்பல்லரைப் பூட்டி, 3200, 3400 சுற்று என்று ஓட்டுவார்கள். ப்ரொப்பல்லரும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றை ஆள் விமானத்துக்கு இது போதும்.

சுபாரு வேகமாகச் சுற்றினால்தான் பலம் காட்டும். அதனால் நடுவே கியரோ பெல்ட்டோ வைத்துச் சுழற்சியை ஏறக்குறைய பாதியாக்குவார்கள். பெரிய ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்றும், இழுவை அருமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அந்த அடி கியரில் இறங்குகிறது. கூடவே ரேடியேட்டர், ஹோஸ், தண்ணீர். எல்லாம் சேர்ந்தால் எடை நூறு கிலோவைத் தாண்டிவிடும். ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் போச்சு. சுபாருவின் நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும்: தண்ணீர் இருப்பதால் ஹெட்டின் (சிலிண்டரின் மூடி) சூடு சீராக இருக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை கியரே சுற்றுவதால் டைமிங் பெல்ட் அறுமோ என்ற பயம் இல்லை.

பீட்டிலின் பலவீனம் ஹெட்டும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும். காரில் எப்போதாவதுதான் முழு பலம் கேட்போம். விமானத்தில் மணிக்கணக்காக முக்கால் பலத்தில் ஓட வேண்டும், குளிர்விக்கக் காற்று மட்டும்தான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ளது) 0.15 மி.மீ. வைப்பது வழக்கம். அடுத்த முறை இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைக்கும்போது ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் இடைவெளி குறைந்திருக்கிறதா? சரிசெய்யலாம். அதே வால்வில் மறுபடியும் குறைந்தால் வால்வு நீள்கிறது, இல்லையென்றால் அதன் இருக்கை உள்ளே அமுங்குகிறது. அப்புறம் பறக்கக் கூடாது, ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த வால்வின் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழுந்தால், வானத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இதற்காகவே ஒவ்வொரு அளவையும் சிலிண்டர் வாரியாக நோட்டில் எழுதி வைக்கச் சொல்வேன்.

கையால் ப்ரொப்பல்லரைச் சுற்றிப் பார்ப்பதும் பெரிய பாடம். இக்னிஷன் ஆஃப், சக்கரத்துக்கு முட்டு. அப்படியும் இன்ஜின் பற்றிக்கொள்ளும் என்றே நினைத்து, பிளேடின் பாதையிலிருந்து உடம்பை விலக்கி நிற்க வேண்டும். பீட்டிலில் இரண்டு முழுச் சுற்றுக்கு நான்கு அழுத்தங்கள், சிலிண்டருக்கு ஒன்றாக, கைக்குத் தெரியும். பாதியாகக் குறைக்கும் கியர் உள்ள சுபாருவில் ஒரே சுற்றில் நான்கும் வந்துவிடும், அதனால் எது மெலிந்தது என்று பிரித்தறிவது கடினம். ஒன்று மெத்தென்று போனால் காதைத் தீட்டுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் 'உஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் என்றால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் பிஸ்டன் ரிங்.

செவர்லே கார்வேர் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முறிந்த அனுபவத்துக்குப் பிறகு முன்பக்கம் கூடுதல் பேரிங் வைத்தார்கள். அதைப் பூட்டாத கார்வேரை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தானே பராமரிக்கப் போகிறவருக்கு, ஒற்றை இருக்கை விமானம் என்றால் என் ஓட்டு பீட்டிலுக்கு. இரண்டு பேர் ஏறும் கனமான விமானம் என்றால் சுபாரு. ஆனால் அந்தக் கியர்பாக்ஸைச் செய்தவர் இன்னும் உதிரிபாகம் தருகிறாரா என்று இன்ஜின் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.