சென்னை மாடியில் லெட்டூஸா, அரைக்கீரையா?

மகள் சாண்ட்விச்சுக்குக் கேட்டாள் என்றுதான் முதலில் லெட்டூஸ் விதை வாங்கினேன். மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் அதற்கு முன்பே நாலு பையில் அரைக்கீரை இருந்தது. மூன்று வருடமாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வளர்கின்றன.

பெரிய வித்தியாசம் முளைப்பில்தான். அரைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் சித்திரை வெயிலிலும் நாலைந்து நாளில் பச்சை தெரியும். லெட்டூஸ் அப்படியில்லை. மண் சூடு 30 டிகிரியை நெருங்கினாலே பல ரகங்களின் விதை உறங்கிப்போகும். முதல் வருடம் ஆவணியில் விதைத்தேன், ஒன்றுகூட எழவில்லை. விதை பழசு என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன், பாவம். இப்போது விதையை ஈரத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கார்த்திகைக் கடைசியில் விதைக்கிறேன். பல ரகங்களுக்கு முளைக்க வெளிச்சமும் வேண்டும் என்பதால் ஆழமாகப் புதைப்பதில்லை. மேலே ஒரு சிட்டிகை கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), அவ்வளவுதான்.

ரகம் வாங்கும்போது ஐஸ்பெர்க் பக்கம் போகாதீர்கள். முட்டைக்கோஸ் மாதிரி உருண்டை கட்ட அதற்கு ஊட்டிக் குளிர் வேண்டும். உருண்டை கட்டாத லோலோ ரோசா, கிராண்ட் ரேப்பிட்ஸ் போன்ற இலை ரகங்கள்தான் நமக்கு.

மார்கழி, தையில் சென்னை இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கும். லெட்டூஸுக்கு அதுவே கொஞ்சம் சூடுதான், ஆனாலும் தாங்கிக்கொள்கிறது. விதைத்து 45 நாளில் வெளி இலைகளை மட்டும் கிள்ளத் தொடங்கலாம். நடுக்குருத்தைத் தொடாவிட்டால் மறுபடி மறுபடி இலை வரும். மாசி வெயில் ஏறியதும் கதை முடிந்தது: நடுத்தண்டு உயரும், கிள்ளினால் பால் வடியும், இலை வாயில் வைக்க முடியாமல் கசக்கும். நிழல்வலை கட்டியும் பார்த்தேன். இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்தது.

அரைக்கீரைக்கு இந்தக் கவலையே இல்லை. மக்காச்சோளம், கரும்பு போல இதுவும் சூட்டில் சளைக்காமல் வளரும் இனம். ஒரு மாதத்தில் முதல் அறுவடை. அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் திரும்பத் தழைக்கும். இரும்பு, சுண்ணாம்புச் சத்திலும் லெட்டூஸ் கிட்டே வர முடியாது. லெட்டூஸில் 95 சதவீதம் தண்ணீர்தான்.

அப்படியானால் லெட்டூஸ் எதற்கு? பச்சையாகத் தின்னத்தான். அரைக்கீரையை வேகவைத்தே ஆக வேண்டும். காலையில் பறித்த லெட்டூஸ் பல்லில் நொறுங்கும் சுகம், கடையில் வாங்கி வாடிய இலையில் இல்லை. பச்சையாகத் தின்பதால் நான் மருந்தே அடிப்பதில்லை. அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீர் பீய்ச்சி விரட்டிவிடுவேன். கோடையில் பச்சை இலை வேண்டும் என்பவர்கள் கொடிப்பசலைத் தளிரை முயலலாம், கொழகொழப்பு பிடித்தால்.

என் கணக்கு இதுதான்: ஆறு பையில் நாலு எப்போதும் அரைக்கீரைக்கு. மீதி இரண்டில் கார்த்திகை முதல் மாசி வரை லெட்டூஸ். தண்டு நீண்டதும் பிடுங்கி, இரண்டு கை மண்புழு உரம் கலந்து, அதே மண்ணில் அரைக்கீரையைத் தூவிவிடுகிறேன்.