கதையோடு கிடைக்கும் இசைத்தட்டுகள்: மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கடை

சென்னை சென்ட்ரல் அருகே, இன்றும் மூர் மார்க்கெட் என்றே அழைக்கப்படும் அல்லிக்குளம் வளாகத்தில், பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிறிய இசைத்தட்டுக் கடைக்கு மூன்று முறை சென்று வந்த பிறகு இதை எழுதுகிறேன். கடைக்காரப் பெரியவர் தட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல்களைக் காட்டி, மெல்லிய துணியால் துடைத்து, ஒரு பாடலை ஓடவிட்ட பிறகே விலையைச் சொல்கிறார்.

முதலில் வாங்கியது ‘அன்னக்கிளி’. உறையிலிருந்த இளையராஜா என்ற பெயரைத் தொட்டுக்காட்டி, ஏ.எம்.ராஜா ஏற்கெனவே புகழ்பெற்றிருந்ததால் பஞ்சு அருணாசலம் ‘இளைய’ என்று முன்னால் சேர்த்த கதையைச் சொன்னார். 1976இல் வெளிவந்த அப்படத்தின் முதல் பாடல் பதிவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போய்விட, அபசகுனம் என்ற பேச்சைக் கேட்டபடி அந்த இளைஞர் உட்கார்ந்திருந்தார் என்பதை அறிந்த பின் ஜானகியின் குரலைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அடுத்து வாங்கிய தட்டில் ‘அடிமைப்பெண்’ படத்தின் ‘ஆயிரம் நிலவே வா’ இருந்தது. பாட வேண்டிய எஸ்.பி.பாலசுப்ரமணியம் டைபாய்டில் படுத்துவிட்டார். வேறொருவரைப் பாடவைப்பது எம்.ஜி.ஆருக்குப் பெரிய காரியமில்லை என்றாலும், தனக்காகப் பாடப்போவதை இந்தப் பையன் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான், வாய்ப்புப் போனால் மனம் உடைந்துவிடுவான் என்று எண்ணி, அவர் குணமாகும்வரை காத்திருந்தார். இதை எஸ்.பி.பி.யே பலமுறை நெகிழ்ந்து கூறியிருக்கிறார். எழுதியவர் புலமைப்பித்தன், இசை கே.வி.மகாதேவன் என்பதெல்லாம் கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த இத்தனை ஆண்டுகளில் என் கண்ணில் பட்டதே இல்லை.

குறைகளும் உண்டு. தட்டுகள் எந்த வரிசையிலும் அடுக்கப்படவில்லை. தேடி எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். பல உறைகளின் விளிம்பு நைந்திருக்கிறது. நான் வாங்கிய இரண்டாவது தட்டில், சுசீலா பாடும் ஓரிடத்தில் ஊசி தாவியது; மூன்றாம் முறை எடுத்துச் சென்றபோது மறுபேச்சின்றி வேறு பிரதி கொடுத்தார். தட்டு ஒன்றுக்கு 600 ரூபாய் என்பது, கேட்டுப் பார்த்து வாங்க முடிகிற இடத்தில் நியாயமான விலை என்றே கருதுகிறேன். கே.வி.மகாதேவனின் வேறு சில தட்டுகளை எடுத்து வைப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் போக வேண்டும்.