சக்கர நாற்காலியில் இருந்தபடி டைட்ரேஷன்: ஒரு தாழ்ந்த மேசையின் நிறைகுறைகள்

ஆய்வக மேசைகள் பொதுவாக 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். நின்று வேலை செய்பவர்களுக்கான அளவு அது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசைப் பரப்பு நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும். கீழே அலமாரி இருப்பதால் முழங்காலை உள்ளே விடவும் வழியில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தபோது, இதனாலேயே செய்முறை வகுப்பில் மற்றவர்கள் சொல்லும் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்த பிறகுதான் எனக்கென்று ஒரு தாழ்ந்த மேசை கிடைத்தது. முதுகலை முடியும்வரை அதில்தான் வேலை செய்தேன்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாயால் சட்டம் அடித்து, மேலே கிரானைட் பதித்த மேசை. உயரம் 75 செ.மீ., அடியில் முழுத் திறப்பு. கால்களில் துளையிட்டு போல்ட் மாட்டியிருந்ததால் ஏற்றி இறக்கலாம். அவ்வளவுதான். ஆனால் வேறு எந்தக் கருவியும் எனக்கு இந்த அளவு உதவியதில்லை.

டைட்ரேஷனைச் சொன்னால் புரியும்: ஒரு கரைசலில் இன்னொன்றைத் துளித்துளியாக விட்டு, எவ்வளவு செலவானது என்று அளக்கும் சோதனை அது. அந்தக் கரைசலை விடும் நீண்ட கண்ணாடிக் குழாய்தான் பியூரெட்; அதில் பூஜ்யம் மேலே இருக்கும், எண்கள் கீழ்நோக்கிக் கூடும். உயரமான மேசையில் பியூரெட்டின் பூஜ்யக் குறி என் கண்ணுக்கு வெகு மேலே இருக்கும். அண்ணாந்து பார்த்தால், திரவமட்டம் உண்மையைவிடக் கூடுதல் எண்ணில் நிற்பதாகத் தெரியும். இறுதி அளவை எடுக்கும்போது மட்டம் கண்ணுக்குக் கொஞ்சம் கிட்டே இறங்கிவிடுவதால் பிழையும் குறையும். இரண்டு பிழைகளும் சமமில்லை, கழித்தாலும் நீங்காது. செலவான கரைசல் எப்போதும் குறைவாகவே கணக்கில் வரும். தாழ்ந்த மேசையிலும் 50 மி.லி. பியூரெட்டின் மேற்குறி எட்டவில்லை. ஆய்வக உதவியாளர் அண்ணன் ஸ்டாண்டை மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இறக்கி வைத்துப் பார்த்தார். குறியும் கண்ணுக்கு நேராக வந்தது, பியூரெட்டின் அடியிலுள்ள திருகும் கைக்கு எட்டியது. ஆக்சாலிக் அமிலத்தில் பர்மாங்கனேட்டைச் சொட்டுச்சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு மறையாமல் நின்ற அந்தத் துளியில் நானே திருகை மூடினேன். அன்றைக்கு அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

குறைகளும் உண்டு. அமில ஆவி பட்டு முதல் மழைக்காலத்திலேயே போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. பிறகு துருப்பிடிக்காத எஃகு போல்ட் மாட்டினார்கள். சன்னலோரம்தான் இடம் கிடைத்தது என்பதால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் பர்னர் சுடர் நிற்காது. மூன்று பக்கமும் தகரம் மறைத்துதான் சூடாக்குவோம். இவற்றைவிட முக்கியமானது பாதுகாப்பு. நிற்பவர் மீது அமிலம் சிந்தினால் விலகிவிடலாம். உட்கார்ந்திருப்பவருக்கு அது நேராக மடியில் விழும். மேசையின் முன்விளிம்பை உயர்த்தித் தடுப்பு வைப்பதும், முழங்கால் தாண்டும் ரப்பர் ஏப்ரனும் கட்டாயம் வேண்டும். என் மேசைக்கு அந்தத் தடுப்பு இரண்டாம் ஆண்டில்தான் வந்தது.

அம்ரிதா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் சேர்ந்து உருவாக்கிய ஓலேப்ஸ் இணைய ஆய்வகத்தையும் தொடர்ந்து பயன்படுத்தினேன். முந்தின நாள் செய்முறையை ஒத்திகை பார்க்க அருமையானது. ஆனால், "உனக்கு இது போதுமே" என்று அதையே ஆய்வகத்துக்குப் பதிலாகக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. கணினித் திரையில் அமிலம் நெடியடிப்பதில்லை, கரைசலை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டில் காற்றுக்குமிழி சிக்குவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்களில் அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்து தரச் சொல்கிறது. மேசையைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு இருக்கிறது.

செய்யக் கொடுக்கும்போது சக்கர நாற்காலியையே பட்டறைக்குக் கொண்டுபோய் அளவெடுக்கச் சொல்லுங்கள். கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைய வேண்டும். இருக்கையின் உயரத்தை மட்டும் அளந்தால் அது தட்டும். தண்ணீர்க் குழாய்க்குத் திருகுப் பிடி வேண்டாம், முழங்கையாலும் தள்ளக்கூடிய லீவர் பிடி போடுங்கள். ஆவி வெளியேற்றும் கூண்டு மட்டும் கடைசிவரை எனக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. அடர் அமிலம் ஊற்றும் வேலைக்கு ஒவ்வொரு முறையும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.